அணாவில் விலை போட்டிருக்கிறதா? பழைய புத்தக வேட்டை: கேள்வி பதில்

பழைய புத்தகம் தேடுவது, வாங்குவது, படிப்பது பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எந்தப் புத்தகம் நல்ல விலைக்குப் போகும் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் எழுதவில்லை. அது வியாபாரிகள் பாடு.

சார், வேலைக்காகச் சென்னைக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. பழைய புத்தகம் தேட எங்கே போகலாம்? (ஒரு வாசகர், வேளச்சேரி)

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவல்லிக்கேணி பாரதி சாலைக்குப் போங்கள் தம்பி. பழைய ஆட்கள் இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடு என்பார்கள். மயிலாப்பூர் லஸ் பக்கமும் ஒரு நடை போய் வரலாம். பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு அங்கிருந்த கடைக்காரர்களுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். ஆனால் மூர் மார்க்கெட்டைக் கண்ணால் பார்த்தவர்களிடம் அல்லிக்குளத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

உண்மையில் நல்ல சரக்கு வந்து இறங்குகிற இடம் உங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடைதான். வீட்டைக் காலி செய்பவர்கள் தாத்தாவின் புத்தகங்களை நடைபாதைக் கடைக்குக் கொண்டுபோய் நிற்பதில்லை, எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். பேப்பர் கடைக்காரரிடம் நம்பரைக் கொடுத்து, "தமிழ்ப் புத்தகம் வந்தால் ஒரு போன் அடிங்க, எடை விலைக்கு மேலே தருகிறேன்" என்று சொல்லி வையுங்கள். மார்கழிக் கடைசியில் கட்டாயம் எட்டிப் பாருங்கள். போகிக்காகப் பரணை ஒழிக்கிற நேரம் அது. எரிக்காமல் எடைக்குப் போட்டார்களே என்று நன்றி சொல்லிவிட்டு அள்ளிக்கொண்டு வாருங்கள்.

ஐயா, கையில் இருக்கிற பல புத்தகங்களில் ஆண்டே இல்லை. முதல் பக்கம் கிழிந்திருக்கிறது, அல்லது அச்சிடவே இல்லை. எந்தக் காலத்துப் புத்தகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கல்லூரி மாணவி, திருச்சி)

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி அம்மா. முதலில் விலையைப் பாருங்கள். "ரூ. 2-8-0" என்று கோடு போட்டு எழுதியிருந்தால் இரண்டு ரூபாய் எட்டணா. நம் நாட்டில் 1957 ஏப்ரல் 1 அன்று, ரூபாய்க்குப் பதினாறணா என்ற கணக்கு போய், நூறு பைசா என்ற தசம நாணயம் வந்தது. ஆகவே அணாக் கணக்கில் விலை போட்ட புத்தகம் அநேகமாக அதற்கு முந்தியது. "நயா பைசா" என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவே. அதற்குப் பிறகு "நயா" கழன்றுகொண்டது. மேலே சீட்டு ஒட்டி விலையை மாற்றியிருந்தால், வெளிச்சத்துக்கு நேரே தாளைத் தூக்கிப் பிடியுங்கள். அடியில் இருக்கிற பழைய விலை தெரியும். நமக்கு வேண்டியது அதுதான்.

அடுத்து முகவரி. ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்டில் வந்தது. 600 என்று தொடங்கும் எண் இருந்தால் அந்தப் பிரதி அதற்குப் பிறகு அச்சானது. வெறுமனே "சென்னை-17" என்று பழைய அஞ்சல் எண்ணோடு இருப்பதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். நம் பதிப்பாளர்கள் பின்கோடு வந்து வெகுகாலம் கழித்தும் அப்படியே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் எழுத்து. லை, னை போன்றவை யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய வடிவத்தில் இருக்கின்றனவா? அந்த வடிவங்களை மாற்றிய எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978-இல் வந்தது. பெரியார் 1935-லேயே தம் குடி அரசு இதழில் புதிய எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார் என்பதால் அவருடைய இயக்க வெளியீடுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மற்றவற்றில் புதிய எழுத்து இருந்தால் 1978-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ என்று நம்பலாம். பழைய எழுத்து இருந்தால் உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். ஈய எழுத்து வைத்திருந்த அச்சகங்கள் அரசாணை வந்த மறுநாளே அதையெல்லாம் தூக்கி எறிந்துவிடவில்லை.

ரொம்பப் பழைய நூல்களில் "விகாரி வருஷம் ஆவணி மாதம்" என்று மட்டும் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்புகிறது. விகாரி என்றால் 1899 அல்லது 1959. இப்போது விலையையும் சேர்த்துப் பாருங்கள். அணாவில் போட்டிருந்தால் 1959 அடிபட்டுப் போகிறது, இல்லையா? ஒரு தடயம் மட்டும் கிடைத்தால் ஏமாந்துபோகலாம். இரண்டு ஒத்துப்போனால் பென்சிலால் ஓரத்தில் ஆண்டைக் குறித்து வையுங்கள். பேனா வேண்டாம்.

வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்? வீட்டுக்கு வந்து பார்த்தால் நடுவில் பக்கமே இல்லை. (ஒரு ஆசிரியர், தஞ்சாவூர்)

புத்தகத்தைப் பாரம் பாரமாகத்தான், அதாவது பெரிய தாளை மடித்த கட்டுக் கட்டாகத்தான் தைப்பார்கள். ஒரு பாரம் பெரும்பாலும் பதினாறு பக்கம். காணாமல் போனால் அந்தப் பதினாறும் மொத்தமாகப் போயிருக்கும், அல்லது ஒரே பாரம் இரண்டு தடவை தைத்திருக்கும். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டத் தேவையில்லை. 16, 32, 48 என்று தாண்டித் தாண்டிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கடைசி இரண்டு பக்கத்தைத் தனியாகப் பாருங்கள், அவைதான் முதலில் உதிரும்.

நூலக முத்திரை குத்திய புத்தகத்தை வாங்கலாமா? (பெயர் வேண்டாம்)

நூலகமே வேண்டாமென்று கழிவு செய்ததாக முத்திரையோ கையெழுத்தோ இருந்தால் தாராளமாக வாங்குங்கள். வாடகை நூலகம் நடத்திய கடை மூடியபோது விற்ற பிரதி என்றாலும் சரி. அரசு நூலக முத்திரை மட்டும் இருந்து கழிவுக் குறிப்பு எதுவும் இல்லை என்றால் யாரோ திருப்பிக் கொடுக்காத புத்தகம். நான் தொடுவதில்லை.

பேரம் பேசுவது எப்படி?

பிடித்த புத்தகத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள். பிடிக்காத இரண்டோடு சேர்த்து விலை கேளுங்கள். இருபது ரூபாய்க்காக வெயிலில் நிற்கிற மனிதரோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். அடுத்த வாரம் நல்ல புத்தகம் வந்தால் உங்களுக்கு எடுத்து வைக்கப்போகிறவர் அவர்தான்.

அண்ணை, எங்கட அம்மப்பா எழுதின சின்னப் புத்தகம் ஒண்டு யாழ்ப்பாணத்தில அச்சானது. வீட்டில ஒரு பிரதியும் இல்லை. எங்க தேடலாம்? (ஒரு வாசகி, ரொறன்ரோ)

முதலில் "நூலகம்" என்ற பெயரிலேயே இயங்கும் நிறுவனத்தின் இணையத்தளத்தில் பாருங்கள் தங்கச்சி. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் சிறு வெளியீடுகளையும் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். 1981-இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறு பிரதியே இல்லாதவையும் அவற்றில் உண்டு. அதனால் வீட்டு அலமாரிகளில் தப்பியவைதான் இன்றைக்கு நமக்கு வழி. அங்கே கிடைக்காவிட்டால் சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரியுங்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த சேகரிப்பை வைத்து 1994-இல் தொடங்கிய நூலகம் அது. தேடும்போது புத்தகப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். அச்சகத்தின் பெயர், ஊர், அம்மப்பாவின் முதலெழுத்து மாறிய வடிவங்கள் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். அவரோடு பழகியவர்களின் பிள்ளைகளையும் கேளுங்கள். அன்பளிப்பாகக் கொடுத்த பிரதி அங்கே கிடக்கலாம்.

வாங்குவது நிற்கவில்லை, படிப்பது நின்றுவிட்டது. உங்கள் வாசிப்புப் பழக்கத்தைச் சொல்லுங்கள் அண்ணா. (மென்பொருள் ஊழியர், கோவை)

ஒரு தடித்த புத்தகம், ஒரு மெல்லிய புத்தகம். தடித்தது விடியற்காலையில் வீட்டில், மெல்லியது பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும். பிடித்த இடம் வந்தால் பின்னட்டை உள்பக்கத்தில் பக்க எண்ணையும் ஒரே ஒரு சொல்லையும் பென்சிலால் எழுதுவேன். "142, கிணறு" என்று இருந்தால் எனக்கு அது போதும். பிடிக்காததைப் பாதியில் வைத்துவிடுவேன், குற்ற உணர்வெல்லாம் கிடையாது. வருஷத்துக்கு நூறு புத்தகம் என்று கணக்கு வைக்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. மெல்லிய புத்தகமாகத் தேடிப் போய்விடுவார்கள்.

பழைய வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்த வால்யூம்களுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? கதைதான் புத்தகமாகவே கிடைக்கிறதே?

கதை கிடைக்கிறது, படங்கள் எல்லாப் பதிப்பிலும் கிடைப்பதில்லை. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தபோது மணியம் வாராவாரம் படம் வரைந்தார். அந்த பைண்டிங்கைப் புரட்டினால் ஓவியத்துக்குப் பக்கத்திலேயே அந்த வாரத்து விளம்பரமும், ஓரத்தில் வீட்டுப் பெண்கள் எழுதிவைத்த மளிகைக் கணக்கும் இருக்கும். அதற்குத்தான் காசு.

அலமாரியில் ராமபாணப் பூச்சி. என்ன செய்வது ஐயா?

பூச்சி முதலில் தேடிப் போவது பைண்டிங் பசையை. அதனால்தான் விஷயம் தெரிந்த பைண்டர்கள் மைதாப் பசையில் பூச்சிக்கு ஆகாத மயில்துத்தம் கலப்பார்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஈரம் ஏறும். வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்றாகப் போடுங்கள். புதிதாக வந்த பழைய புத்தகத்தை நேரே அலமாரியில் சேர்க்கவே கூடாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தாளில் நீர் கோத்துவிடும். மீன் வைக்கிற தட்டு வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள், அது நியாயம்தான்.

மாமனார் விட்டுப்போன புத்தகங்கள் ஒரு அறை நிறைய இருக்கின்றன. யாருக்காவது கொடுக்க வேண்டும். என்ன செய்யலாம் சார்? (இல்லத்தரசி, மதுரை)

அவசரப்பட்டு மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. முதலில் ஒவ்வொன்றையும் விரித்து உதறுங்கள். கடிதம், ரசீது, கல்யாணப் பத்திரிகை என்று ஏதாவது விழும், அவை குடும்பத்துக்கு வேண்டும். பிறகு 1960-க்கு முந்தியவற்றைத் தனியாகப் பிரியுங்கள். எப்படிப் பிரிப்பது என்று மேலே திருச்சிப் பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். அவற்றின் பட்டியலை ஆராய்ச்சி நூலகங்களுக்கு அனுப்பிக் கேளுங்கள். மற்றவை பள்ளிக்கும் ஊர் நூலகத்துக்கும் போகட்டும். எனக்கும் பட்டியலை அனுப்பலாம், பார்த்துச் சொல்கிறேன். ஆனால் தயவுசெய்து தலைப்பை எழுதி அனுப்புங்கள். அலமாரியைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள், பழைய பைண்டிங்கில் முதுகில் எழுத்தே இருப்பதில்லை.