28, 28 என்று இறங்குவது கலப்படம் அல்ல

வணக்கம் தம்பி. ட்ரைருத்தேனியம் டோடெகாகார்பனைல் (மூன்று ருத்தேனியம் அணுவோடு பன்னிரண்டு கார்பன் மோனாக்சைடு சேர்ந்த சேர்மம்) மாதிரியை, மூலக்கூறுத் துண்டுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியில் 70 எலக்ட்ரான் வோல்ட்டில் ஓட்டினால், 640-இல் இருந்து 28, 28 ஆகக் குறைந்து 304 வரை சிகரங்கள் வருகின்றன, மாதிரி கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கெடவில்லை.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்காரன், அதனால் செம்பனைக் குலைதான் ஞாபகத்துக்கு வருகிறது. பழுத்த குலையில் முதலில் உதிர்வது பழங்கள், காம்பு அல்ல. இங்கே பழம் கார்பன் மோனாக்சைடு, நிறை 28; காம்பு ருத்தேனியம் அணுக்களின் பிணைப்பு. பன்னிரண்டும் ஒவ்வொன்றாகப் போன பிறகு மிஞ்சுவது மூன்று ருத்தேனியம் மட்டும்: 304. உலோகப் பிணைப்பு அதற்குப் பிறகே பெரும்பாலும் உடையும். இதே போன்ற இரும்புச் சேர்மத்தில் காம்பே சுலபமாக முறியும். ஆஸ்மியம் சேர்மத்தில் காம்பு இன்னும் கெட்டி.

ஒவ்வொரு சிகரமும் அகலமாகக் கொத்தாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ருத்தேனியத்துக்கு இயற்கையில் ஏழு ஐசோடோப்புகள் (நிறை மட்டும் மாறுபடும் அணு வகைகள்), அதில் மூன்று அணு சேர்ந்தால் அப்படித்தான். கணக்கிட்ட வடிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

320-க்குக் கீழே 14 இடைவெளியில் சின்ன வரிசை தெரிந்தால், அது இரட்டை மின்சுமை அயனி; கருவி நிறையை மின்சுமையால் வகுத்தே காட்டுவதால் 28 பாதியாகிறது. அதன் ஐசோடோப்புக் கோடுகள் ஒன்றுக்கொன்று அரை அலகு தள்ளி நிற்கும், உற்றுப் பார்த்தால் பிடிபடும்.

அப்புறம் ஒன்று: 640-இல் உள்ள சிகரம் மிகச் சிறியதாக இருந்தால் புரோபை (மாதிரியை வைத்துச் சூடாக்கும் தண்டை) அவசரமாகச் சூடாக்கியிருப்பீர்கள். மெதுவாக ஏற்றி மறுபடி ஓட்டுங்கள்.