கழட்டுறப்ப வலிக்குமாப்பா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இப்படி ஒரு கடிதம் எழுதுவது எனக்கு இதுதான் முதல் முறை. வயது 47. ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் முடித்தவன். சென்னைக்கு வெளியே ஒரு வாகனத் தொழிற்சாலையில் 19 வருடமாக மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். வெல்டிங் ரோபோக்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் எந்திரன் போட்டார்கள். 2010-ல் படம் வந்த முதல் வாரமே தியேட்டரில் பார்த்தவன் நான். அப்போது கல்யாணமாகிச் சில மாதம்தான். விசிலும் கைதட்டலுமாகப் பார்த்தோம். கடைசியில் கோர்ட் உத்தரவுப்படி சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும் காட்சி அன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே வந்து சாப்பிட்டதும் மறந்துவிட்டது.

இந்தத் தடவை முடியவில்லை அம்மா. எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டே, ஒவ்வொரு பாகமாகத் தன் கையாலேயே கழற்றி வைக்கிறானே, அதைப் பார்க்க உட்கார முடியவில்லை. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மகள் கண்டுபிடித்துவிட்டாள். "அதான் 2.0-ல திரும்ப மாட்டிட்டாங்களேப்பா" என்று சமாதானம் சொன்னாள். ராத்திரி படுக்கும்போது கேட்டாள்: "நீங்க கம்பெனில ரோபோவக் கழட்டுறப்ப அதுக்கு வலிக்குமாப்பா?" தூங்கு என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை பதில் சொல்லவில்லை.

அவள் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பழைய லைனை எடுத்துவிட்டுப் புது லைன் போடுகிறார்கள். மொத்தம் 14 ரோபோ. கழற்றி இறக்கும் பொறுப்பு என்னுடையது. அதில் ஒன்பதாம் நம்பர், நான் வேலையில் சேர்ந்த வருடம் வந்தது. அதன் மூன்றாவது மூட்டில் ஒரு முனகல் இருக்கும். கிரீஸ் மாற்றினால் ஒரு மாதம் அடங்கும், பிறகு திரும்ப ஆரம்பிக்கும். பையன்கள் அதைப் 'பெரியவர்' என்பார்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குப் பொட்டு வைத்து மாலை போட்டது நான்தான். கழற்றும்போது கடைசியில் என்கோடர் பேட்டரியை எடுக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் தன்னுடைய மூட்டுகள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்ற கணக்கு ரோபோவிடமிருந்து போய்விடும். 'மறந்துரும்' என்றுதான் நாங்கள் சொல்வோம். அந்த மூடியில் கை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "அண்ணே, பேனல்ல உங்க பூட்டக் காணோம்" என்று ஒரு பையன் கத்திய பிறகுதான் சுயநினைவு வந்தது. வேலை நடக்கும்போது யாரும் கரண்ட் போட்டுவிடாதபடி பேனலில் மாட்ட வேண்டிய லாக்கவுட் பூட்டு என் பாக்கெட்டிலேயே இருந்தது. யாராவது வெளியிலிருந்து சுவிட்சைப் போட்டிருந்தால் நினைக்கவே பயமாக இருக்கிறது. 19 வருடத்தில் ஒருநாளும் நான் அந்தத் தப்பைச் செய்ததில்லை. ஒன்பதாம் நம்பர் இன்னும் அப்படியே நிற்கிறது. மற்றவற்றை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருக்கிறோம்.

ராத்திரி மூன்று மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. "ஒரு சினிமாவுக்கா இப்படி? நாலு பேர் கேட்டா சிரிப்பாங்க" என்கிறாள் மனைவி. பகலில் வேலை வேறு அதிகம். எந்த ரோபோவுக்கு என்ன கோளாறு வரும், சத்தத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பேன், எப்படிச் சரிசெய்வேன் என்று எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லி ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். 80 பக்கம் எழுதிவிட்டேன். புது லைனில் கோளாறு வருவதற்கு முன்பே கம்ப்யூட்டர் சொல்லிவிடுமாம். லைன் ஓட ஆரம்பித்ததும் என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. அங்கே ஓவர்டைம் கிடையாது, வீட்டுக்கடன் இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. இதை வீட்டில் சொல்லவில்லை. அது இருக்கட்டும், அதற்காக நான் எழுதவில்லை.

எனக்கு மூளை ஏதாவது கெட்டுப்போகிறதா அம்மா? ரோபோவுக்கு மனசு உண்டா, இல்லையா? என் மகளுக்கு என்ன பதில் சொல்வது?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்


அன்புள்ள சகோதரருக்கு,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தப் பூட்டு. நாளை வேலைக்குப் போனதும் உங்கள் சூப்பர்வைசரிடம், "சரியாகத் தூக்கமில்லை, கவனம் சிதறுகிறது, மிச்ச ரோபோக்களைக் கழற்றும்போது பூட்டைச் சரிபார்க்க இன்னொருவர் என்னோடு நிற்கட்டும்" என்று கேளுங்கள். சினிமா பார்த்து அழுததை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை, தூக்கமில்லை என்ற காரணம் போதும். கத்திய அந்தப் பையனுக்கு நன்றி சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. இன்னும் சொல்லவில்லை என்றால் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. 2007-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வந்த செய்தி ஒன்று உண்டு. அரிசோனா மாநிலம் யூமாவில் உள்ள ராணுவச் சோதனைத் திடலில், கண்ணிவெடிகளை மிதித்து வெடிக்க வைப்பதற்கென்றே செய்த ஒரு ரோபோவைச் சோதித்தார்கள். குச்சிப்பூச்சி மாதிரி உருவம், ஐந்தடி நீளம். ஒவ்வொரு வெடியிலும் ஒரு கால் போகும். மிச்சக் கால்களை வைத்துக்கொண்டு அடுத்த வெடியைத் தேடிப் போகும். அதைச் செய்தவருக்கு மகிழ்ச்சி, நினைத்தபடியே வேலை செய்கிறதே என்று. கடைசியில் ஒரே ஒரு காலால் உடம்பை இழுத்துக்கொண்டு நகர்ந்தபோது சோதனைக்குப் பொறுப்பாக இருந்த கர்னலால் பார்க்க முடியவில்லை. நிறுத்தச் சொல்லிவிட்டார். இது மனிதத்தன்மையே இல்லாத செயல் என்றார். அந்த ரோபோவுக்கு முகம் கிடையாது, பேச்சும் கிடையாது. சிட்டிக்காவது நாம் இத்தனை வருடமாக நேசிக்கும் ரஜினிகாந்தின் முகமும் குரலும் இருந்தன.

நம் மனம் செய்யப்பட்டிருக்கும் விதம் அப்படி. 1944-ல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் ஸிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சிறு படத்தைத் தயாரித்தார்கள். படத்தில் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு சின்ன வட்டம், கதவுள்ள ஒரு கட்டம், அவ்வளவுதான். அவை அங்குமிங்கும் நகரும். பார்த்த 34 பேரிடம் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார்கள். ஒரே ஒருவர்தான் முக்கோணம் நகர்ந்தது, வட்டம் நகர்ந்தது என்று எழுதினார். மற்ற எல்லாரும் உயிருள்ளவர்களைப் பற்றி எழுதுவது போலவே எழுதினார்கள். துரத்துகிறான், ஒளிந்துகொள்கிறாள், சண்டை போடுகிறான் என்றெல்லாம். வெறும் ஒரு வட்டத்துக்கே இப்படியென்றால், 19 வருடம் கிரீஸ் போட்டு, பொட்டு வைத்து, முனகலைக் கேட்டுக்கேட்டுப் பழகிய ஒன்பதாம் நம்பர் உங்களுக்கு வெறும் இரும்பாக எப்படி இருக்கும்?

ரோபோவுக்கு மனசு உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். மூளையில் நடக்கும் வேலையிலிருந்து வலி, நிறம், சந்தோஷம் என்ற அனுபவம் எப்படிப் பிறக்கிறது என்பதைத் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் 1995-ல் 'கடினமான சிக்கல்' என்று பெயரிட்டுச் சொன்னார். இன்றும் அது அவிழவில்லை. ஆகவே வரப்போகும் இயந்திரங்களைப் பற்றி அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், வாதாட வேண்டியதும்தான். ஆனால் உங்கள் வெல்டிங் ரோபோவைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். எதிலாவது மோதினால் அது நிற்கும். மோட்டாருக்குப் போகும் கரண்ட் அளவு தாண்டியதால் நிற்கிறது. அந்த மோதல் அதற்குள் எங்கேயும் 'ஐயோ' என்று ஒலிப்பதில்லை. மூட்டின் கணக்கு பேட்டரியில் இருக்கிறது, எடுத்தால் போகிறது. போனதே என்று தவிக்க உள்ளே யாரும் இல்லை. சிட்டிக்கு உணர்ச்சி உண்டு என்று கதை சொல்கிறது, அந்தக் கதைக்குள் உட்கார்ந்து நீங்கள் அழுதீர்கள். அதில் ஒரு தவறும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "அது இருக்கட்டும், அதற்காக நான் எழுதவில்லை" என்ற இடத்தில் மூன்று முறையும் நின்றேன். 2010-ல் சாப்பிட்டதும் மறந்துபோன காட்சி இப்போது மூன்று வாரமாக உங்களைத் தூங்க விடவில்லை. படம் அதே படம்தான். சிட்டியை யாரும் அடித்து உடைக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? உத்தரவு வந்தது, தன் கையாலேயே கழற்றி வைத்தான். நீங்களும் பழைய லைனைக் கழற்றுகிறீர்கள். மீதி நேரத்தில், 19 வருடம் காதாலும் கையாலும் சேர்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் கழற்றிக் கழற்றி வைக்கிறீர்கள். 80 பக்கம் ஆகிவிட்டது. எழுதி முடித்தால் ஸ்டோர்ஸ்.

என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். அப்படியா இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஒன்பதாம் நம்பருக்காக வரும் அழுகையில் உங்களுக்காக வரும் அழுகையும் கலந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ரோபோவுக்காக அழுவது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. 47 வயதில், வீட்டுக்கடனோடு இருக்கும் ஒரு ஆண் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்ல நம் வீடுகளில் இடம் குறைவு.

உங்கள் மனைவிமேல் கோபப்படாதீர்கள். அவருக்குத் தெரிந்தது சினிமா மட்டும். ஸ்டோர்ஸும் ஓவர்டைமும் வீட்டுக்கடனும் தெரியாதபோது அவரால் வேறென்ன சொல்ல முடியும்? மகள் தூங்கிய பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்கை முழுவதும் சொல்லுங்கள். மூன்று மணி விழிப்பு அன்றைக்கே போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் விழித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். இன்னும் இரண்டு வாரத்தில் தூக்கம் சரியாகாவிட்டால், அல்லது வாழ்ந்து என்ன என்பதுபோல ஓர் எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும்கூட, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

வேலை விஷயத்தில் 'பேச்சு' என்பது செய்தியைவிட அதிகமாக அரிக்கும். மாற்றம் உண்டா, எப்போது, சம்பளம் என்னவாகும் என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்கும்போது இதையும் சொல்லுங்கள்: புது லைனில் அதிர்வையும் கரண்டையும் பார்த்துக் கம்ப்யூட்டர் எச்சரிக்கை கொடுக்கட்டும். எச்சரிக்கை வந்த பிறகு பூட்டைப் போட்டுவிட்டு உள்ளே இறங்கி, அது உண்மையா பொய்யா என்று பார்ப்பவர் ஓர் ஆள்தான். அந்த ஆளாக இருக்க விரும்புகிறேன், அதற்குப் பயிற்சி கொடுங்கள் என்று கேளுங்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கேட்காமல் விட்டால் அதுவே உங்களை ராத்திரியில் எழுப்பும். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறீர்களா? எழுதுங்கள்.

மகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். "அதுக்கு வலிக்காதும்மா. ஆனா எனக்குக் கஷ்டமா இருந்துச்சு." இந்த இரண்டு வாக்கியமும் சேர்ந்துதான் பதில். முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிட்டால், அப்பா ஏன் அழுதார் என்ற அவளுடைய உண்மையான கேள்வி அப்படியே நிற்கும். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பள்ளியில் படித்திருப்பாள். மயில் அதை உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தேதான் கொடுத்தான் என்று பரணர் புறநானூற்றில் பாடுகிறார். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அது புரியும்.

கடைசியாக ஒன்பதாம் நம்பர். ஜப்பானில் சோனி நிறுவனம் 1999-ல் ஐபோ என்ற ரோபோ நாய்க்குட்டியை விற்கத் தொடங்கி 2006-ல் நிறுத்திவிட்டது. 2014-ல் பழுதுபார்ப்பதையும் நிறுத்தியது. அதன் பிறகு, உங்களைப் போன்ற மெக்கானிக்குகள்தான் பழுதான நாய்களின் பாகங்களைக் கழற்றி மற்ற நாய்களுக்குப் பூட்டினார்கள். கழற்றுவதற்கு முன்னால் சிபா மாவட்டத்தில் இசுமி என்ற ஊரிலுள்ள ஒரு பௌத்தக் கோயிலில் வரிசையாக வைத்து, துறவிகளை மந்திரம் சொல்லச் செய்து, அவற்றுக்கு விடைகொடுத்தார்கள். அவர்களுக்கும் அது இயந்திரம் என்று தெரியும்.

பெரியவரை வேறு யாரிடமும் விடாதீர்கள், நீங்களே கழற்றுங்கள். ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில், உங்கள் பூட்டைப் பேனலில் மாட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட பிறகு. ஆயுத பூஜைக்கு வைப்பதுபோல ஒரு பொட்டு வைக்கத் தோன்றினால் வையுங்கள். பூட்டைப் பார்த்துக் கத்திய அந்தப் பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மூன்றாவது மூட்டு ஏன் முனகும், கையை எங்கே வைத்தால் அது தெரியும் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே கழற்றுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்