ட்ரையர் விசிறி பெயாரிங்: இன்னும் எத்தனை மணித்தியாலம்?

கேள்வி: ஹட்டன் பக்கத் தேயிலைத் தொழிற்சாலை. ட்ரையர் விசிறியை பெல்ட் மூலம் ஓட்டும் 7.5 கிலோவொட், நிமிடத்துக்கு 1450 சுற்று மோட்டரில் 6308 ரகப் பெயாரிங். கணக்குப்படி ஆயுள் 38,800 மணித்தியாலம், 24,000 ஓடிவிட்டது. மிச்சம் 14,800 இருக்கிறதே, ஏப்ரல்–மேயில் கொழுந்து கூடும் காலத்தைத் தாண்டிவிடலாமா?

பதில்: அப்படிக் கழிக்க முடியாது. 38,800 என்பது சாகும் நாளல்ல. இதே சுமையில் 100 பெயாரிங் ஓடினால் அதற்குள் 10 கெட்டிருக்கும், 90 ஓடிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

24,000 தாண்டியது அடுத்த 6,000 மணித்தியாலத்தில், அதாவது நாளுக்கு 20 மணித்தியாலமாக 300 நாளில், கெட வாய்ப்பு எவ்வளவு? அதைத்தான் பார்க்க வேண்டும். ஓட ஓடக் கெடும் வாய்ப்பு எப்படி மாறுகிறது என்று காட்டும் வெய்புல் வடிவ எண்ணுக்கு, பெயாரிங்கில் வழக்கமாக எடுக்கும் 1.5ஐப் போட்டால் 100க்கு 2. பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அந்த 38,800, பெயாரிங் மேல் 2.8 கிலோநியூட்டன் சுமை என்று வைத்து வந்தது. பெல்ட் வழுக்குகிறதென்று யாராவது இறுக்கி அது 4.2 ஆகியிருந்தால் ஆயுள் 11,500தான். சுமை ஒன்றரை மடங்கானால் ஆயுள் 1.5 × 1.5 × 1.5, அதாவது ஏறத்தாழ 3.4இல் ஒரு பங்காக விழும். அப்போது அதே வாய்ப்பு 100க்கு 12. முதலில் பெல்ட்டைப் பாருங்கள்: கப்பிகளுக்கு நடுவே, தயாரிப்பாளர் சொன்ன விசையால் அழுத்தினால் இடைவெளியின் ஒவ்வொரு மீட்டருக்கும் 16 மில்லிமீட்டர் தாழ வேண்டும்.

இந்தச் சூத்திரத்துக்குத் தேயிலைத் தூசியும் தெரியாது, வெந்து காய்ந்த கிரீஸும் தெரியாது. ட்ரையர் பக்கத்தில் பெரும்பாலும் முந்திக்கொள்வது அவைதான். அதனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அதே இடத்தில், அதே சுமையில் அதிர்வை அளந்து எழுதுங்கள். 15 கிலோவொட் வரையான மோட்டருக்கு, இயந்திர அதிர்வுக்கான ஐஎஸ்ஓ 10816-1 தரம் (2016இல் அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 20816-1 வந்துவிட்டது) வைத்த ஆபத்து எல்லை செக்கனுக்கு 4.5 மில்லிமீட்டர்.

அளவீடு 1.8, 2.4, 3.2 என்று போகிறது என்று வையுங்கள். கடைசி இரண்டையும் நேர்கோட்டில் நீட்டினால் எல்லைக்கு இன்னும் 23 நாள். ஆனால் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அந்த வேகத்தில் 17 நாள்தான். கொழும்பிலிருந்து பெயாரிங் வர எடுக்கும் நாளை அதிலிருந்து கழியுங்கள்.

அதிர்வு ஏறாமல் இருந்தால் கழற்றாதீர்கள். வெளிவளையத்தில் சுத்தியலால் தட்டித் தண்டில் ஏற்றிய புதிய பெயாரிங்கின் ஓடுபாதையில் குண்டுகள் பள்ளம் பதித்துவிடும். அது பழையதைவிடச் சீக்கிரம் போகும். மாற்றியே ஆகவேண்டுமென்றால் 110 பாகை வரை சூடாக்கி ஏற்றுங்கள், 120ஐத் தாண்ட விடாதீர்கள்.