நீலப் பையனா, கள்ளிச்செடியா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சும்மா போற போக்குல “லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போனா ஹன்டிங்டன் மியூசியத்தையும் தோட்டத்தையும் விட்டுடாதீங்க”ன்னு ஒரு வரி எழுதிட்டேன், அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல. புள்ளைங்க வீட்டுக்கு கலிஃபோர்னியா போற அப்பா அம்மாங்க நம்ம வாசகர்கள்ல இத்தனை பேரா! முடிஞ்சவரைக்கும் பதில் சொல்லிடறேன்.

கேள்வி: பொண்ணு பாசடேனால இருக்கா. ஒருநாள் லீவு போட்டு கூட்டிட்டுப் போறேங்கிறா. ஒரே நாள்ல எல்லாத்தையும் பாத்துட முடியுமா?

முடியாதுங்க. மொத்தம் 207 ஏக்கர், அதுல 130 ஏக்கர் கிட்ட நாம சுத்திப் பாக்கற தோட்டம், அதுவும் ஒரே தோட்டம் இல்ல, பாலைவனத் தோட்டம், ஜப்பான் தோட்டம், சீனத் தோட்டம், ரோஜா, மூலிகை, பனை வகைகள், காட்டுச்செடிகள்னு 16 தோட்டம், அதுக்கு நடுவுல ஓவியக் கூடங்க, இன்னொரு பக்கம் நூலகம். எல்லாத்தையும் பாக்கணும்னு ஓடினீங்கன்னா சாயந்திரம் கால்வலி மட்டும்தான் ஞாபகம் இருக்கும். நாலு இடத்த முடிவு பண்ணிக்கிட்டுப் போங்க, அது போதும்.

பொண்ணு செவ்வாய்க்கிழமை லீவு போடாம பாத்துக்கோங்க, அன்னிக்குப் பூட்டியிருக்கும். நான் முதல் தடவை போனது செவ்வாய்க்கிழமைதான், மூடின கேட்டுக்கு முன்னாடி ஒரு செல்ஃபி எடுத்துட்டு திரும்பி வந்தேன், தப்பு என்னோடதுதான். சனி ஞாயிறு, லீவு நாள்ல போறதா இருந்தா நேரம் போட்டு முன்னாடியே புக் பண்ணிடணும், டிக்கெட்டும் வார நாளவிட கூட. மாசத்தோட முதல் வியாழக்கிழமை இலவசம், ஆனா அதுக்கும் ஆன்லைன்ல முன்கூட்டியே டிக்கெட் எடுக்கணும், திறந்த வேகத்துல தீந்துடும்.

காலைல பத்து மணிக்குத் திறந்ததும் நேரா பாலைவனத் தோட்டத்துக்குப் போயிடுங்க, ஏன்னா அங்க நிழலே கிடையாது, பதினோரு மணிக்கு மேல மண்டை காஞ்சிடும். உச்சி வெயில்ல ஓவியக் கூடத்துக்குள்ள பூந்துடுங்க, ஏசி இருக்கு. வெயில் தாழ்ந்ததும் சீனத் தோட்டமும் ஜப்பான் தோட்டமும். இத நிறைய பேர் தலைகீழாப் பண்ணிட்டு அப்புறம் புலம்பறாங்க.

கேள்வி: தோட்டம்னா பூங்கா மாதிரிதான? அதுக்கு எதுக்கு டிக்கெட், மியூசியம் மட்டும் பாத்தா பத்தாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன். பத்தாதுங்க. பூங்கால செடி அழகுக்கு நிக்குது. இங்க ஒவ்வொரு செடியும் சேகரிப்பு, உள்ள சுவத்துல மாட்டியிருக்கிற ஓவியம் எப்படியோ அப்படி. செடிக்குப் பக்கத்துல சின்னதா ஒரு தகடு இருக்கும், குனிஞ்சு படிங்க, தாவரவியல் பேரு, எந்த நாட்டுச் செடின்னு போட்டிருக்கும். படத்துக்குக் கீழ இருக்கிற அட்டையப் படிக்கிறவங்க இந்தத் தகட்ட மட்டும் தாண்டிப் போறது ஏன்னு எனக்குப் புரியல.

பாலைவனத் தோட்டத்தையே எடுத்துக்கோங்க. 1907ல வில்லியம் ஹெர்ட்ரிச்னு தோட்டக்காரர் ஆரம்பிச்சது. இந்த இடத்தோட முதலாளி ஹென்றி ஹன்டிங்டனுக்கு கள்ளின்னாலே ஆகாதாம், ரயில் பாதை போடற வேலைல இருந்தப்ப சப்பாத்திக்கள்ளிகிட்ட குத்து வாங்கின அனுபவம்னு சொல்வாங்க. ஹெர்ட்ரிச் விடல, வேற எதுவும் சரியா வராத ஒரு சரிவு சும்மா கிடக்கு, அங்க வைக்கிறேன்னு பேசிப் பேசி சம்மதிக்க வச்சார். இன்னிக்கு அது பத்து ஏக்கர், உலகத்துலயே பேர் போன கள்ளித் தோட்டங்கள்ல ஒண்ணு. அதுல உருண்டை உருண்டையா தங்க நிற முள்ளோட கூட்டமா உக்காந்திருக்குமே, அதுக்கு இங்கிலீஷ்ல ‘மாமியார் மெத்தை’ன்னே ஒரு பேரு இருக்கு. அந்த ஊர்லயும் அப்படித்தான் போல! காலை வெயில் சாய்வா விழறப்ப ஒவ்வொரு உருண்டையச் சுத்தியும் முள்ளு நுனிங்க மட்டும் தகதகன்னு எரியும், கிட்ட போய் முட்டிபோட்டுப் பாருங்க, தொட்டுடாதீங்க.

ஏப்ரல் பக்கம் போனா ‘பூயா’ன்னு ஒரு தென்னமெரிக்கச் செடி அங்க பூத்திருக்கும், மயில் கழுத்து நிறம், பூவுல அப்படி ஒரு நிறம் இருக்கும்னு நேர்ல பாக்கறவரைக்கும் நம்ப மாட்டீங்க.

கேள்வி: ‘நீலப் பையன்’ ஓவியத்துல அப்படி என்னதான் இருக்கு? ஒரு பையன் நிக்கிறான், அவ்ளோதான?

அவ்ளோதான். ஆனா கொஞ்ச நேரம் முன்னாடி நில்லுங்க. தாமஸ் கெயின்ஸ்பரோ 1770 வாக்குல வரைஞ்சது. தூரத்துல நின்னா நீலப் பட்டுச் சட்டை பளபளன்னு இருக்கும், கிட்ட போனா பட்டே காணாமப் போயிடும், நீலம், சாம்பல், வெள்ளை, பச்சைன்னு கிறுக்கின மாதிரி தூரிகைக் கோடுங்க மட்டும்தான். ரெண்டடி பின்னாடி வந்தா மறுபடியும் பட்டு! இப்படி முன்னாடி பின்னாடி நடந்து பாக்கறதுதான் அந்தப் படத்தப் பாக்கற முறை, காவலர் ஒரு மாதிரி பாப்பாரு, பரவால்ல.

கதையும் பெருசு. 1921ல ஹன்டிங்டன் இத வாங்கினப்ப விலை 7 லட்சத்து 28 ஆயிரம் டாலர்னு சொல்றாங்க, அன்னிக்கு அது மலைக்க வைக்கிற விலை. இங்கிலாந்துக்காரங்களுக்கு மனசே கேக்கல. கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடி 1922 ஜனவரில லண்டன் நேஷனல் கேலரில மூணு வாரம் வச்சாங்க, 90,000 பேர் வந்து பாத்துட்டு வழியனுப்பினாங்க. சரியா நூறு வருஷம் கழிச்சு 2022ல அதே கேலரிக்கு சில மாசம் கடனாப் போயிட்டு வந்தான் நம்ம பையன்.

எக்ஸ்ரே எடுத்துப் பாத்ததுல அந்தக் கான்வாஸ்ல முதல்ல வேற ஒரு பெரிய ஆளோட படம் ஆரம்பிச்சிருந்தது தெரிஞ்சுது. அதவிட வேடிக்கை, பையன் காலுக்குப் பக்கத்துல ஒரு வெள்ளை நாய் இருந்திருக்கு, கெயின்ஸ்பரோ அப்புறம் என்ன நினைச்சாரோ, அது மேல பாறைய வரைஞ்சு மூடிட்டார். படத்துல வலது ஓரம் கீழ இருக்கிற பாறைக் குவியல்தான் அந்த நாய்.

அதே கூடத்துல ‘பிங்கி’ன்னு ரோஸ் நிற ரிப்பன் தொப்பியோட ஒரு பொண்ணு படம் இருக்கும். ரெண்டையும் ரொம்ப வருஷம் எதிரெதிரா மாட்டி வச்சிருந்ததால ஜோடின்னு நினைக்கிறவங்க நிறைய. சம்பந்தமே இல்லைங்க. அது தாமஸ் லாரன்ஸ் 1794ல வரைஞ்சது, நடுவுல இருபத்தி சொச்சம் வருஷம். ஜமைக்கால பிறந்த சாரா பாரெட் மோல்டன்னு 11 வயசுப் பொண்ணு, அடுத்த வருஷமே செத்துப் போயிடுச்சு. அந்தக் குடும்பப் பணம் ஜமைக்காவோட கரும்புத் தோட்டத்துல அடிமைங்க உழைச்சு வந்தது. காத்துல பறக்கற அந்த ரிப்பனப் பாக்கும்போது இதுவும் சேந்தே ஞாபகம் வருது எனக்கு.

கேள்வி: ஒரு கோடீஸ்வரர் காசு இருக்குன்னு அடுத்த நாட்டுப் பொக்கிஷத்த எல்லாம் வாரிட்டு வந்து வச்சா அத நாம கொண்டாடணுமா?

கொண்டாட வேண்டாம், பாக்கலாம். ஹென்றி ஹன்டிங்டன் சாமர்த்தியசாலி. தெற்குக் கலிஃபோர்னியால ட்ராம் ஓட்டினார், ட்ராம் போற பக்கம் நிலத்த முன்னாடியே வாங்கிப் போட்டார், தடம் வந்ததும் மனை போட்டு வித்தார். இந்த வித்தை நமக்குப் புதுசில்ல. அந்தக் காசுல தனித்தனி புஸ்தகமா வாங்கல, அடுத்தவங்க ஆயுசு பூரா சேத்த லைப்ரரிய அப்படியே அலமாரியோட வாங்கற மாதிரி வாங்கினார். அவரோட சித்தப்பா காலிஸ் ஹன்டிங்டன் பெரிய ரயில்வே முதலாளி, அவர் செத்தப்புறம் அவரோட விதவை அராபெல்லாவ 1913ல கல்யாணம் பண்ணிக்கிட்டார், ஓவியம் வாங்கற ரசனைல பாதிக்கு மேல அந்தம்மாவோடதுதான்னு நான் நினைக்கிறேன்.

ஆனா 1919லயே எல்லாத்தையும் அறக்கட்டளைக்கு எழுதி வச்சுட்டாங்க, ரெண்டு பேரும் போனப்புறம் 1928ல பொதுமக்களுக்குத் திறந்தாங்க. வாங்கினது சரியான்னு நீங்க தாராளமா சண்டை போடலாம், எனக்கும் அந்தச் சண்டைல ரெண்டு பக்கமும் நிக்கத் தோணும்.

கேள்வி: லைப்ரரில போய் உக்காந்து படிக்கலாமா?

முடியாது, அது ஆராய்ச்சியாளர்களுக்கு. நாம பாக்கறது கண்காட்சிக்கு வைக்கறத மட்டும்தான், பழைய தாளு வெளிச்சம் தாங்காதுன்னு மாத்தி மாத்தி வைப்பாங்க, அதனால எது இப்ப வெளில இருக்குன்னு கிளம்பறதுக்கு முன்னாடி வெப்சைட்ல பாத்துடுங்க. 1455 வாக்குல தோல்ல அச்சடிச்ச குட்டன்பெர்க் பைபிள் இவங்ககிட்ட இருக்கு. அறிவியல் புனைகதை எழுதின ஆக்டேவியா பட்லர், பாசடேனால பிறந்த அந்தம்மாவோட கைப்பிரதி, டைரி எல்லாம் இங்கதான். 1991ல இன்னொண்ணும் நடந்துச்சு, சாக்கடல் சுருள்கள்னு ரெண்டாயிரம் வருஷப் பழைய யூத மத ஏடுங்களோட படங்கள ஒரு சின்ன அறிஞர் குழு பல வருஷமா அடுத்தவங்க கண்ல காட்டாம வச்சிருந்தாங்க, ஹன்டிங்டன்கிட்ட ஒரு நகல் இருந்துச்சு, “யார் வேணா வந்து பாருங்க”ன்னு திறந்து விட்டுட்டாங்க.

கேள்வி: பத்து வயசுப் பேரன், மியூசியம்னாலே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறான். என்ன செய்ய?

முதல்ல நீலப் பையன்கிட்ட கூட்டிட்டுப் போய் “நாய் எங்க, கண்டுபிடி”ன்னு விட்டுடுங்க. அப்புறம் கண்ணாடி வீடு, அதுல பூச்சி தின்னற செடிங்க இருக்கு, அங்கேருந்து அவன நீங்கதான் இழுத்துட்டு வரணும்.

அதிர்ஷ்டம் இருந்தா பிணப்பூ பூத்திருக்கும். சுமத்ரா காட்டுச்செடி, ஹன்டிங்டன்ல 1999ல பூத்தப்ப கலிஃபோர்னியாவுக்கே அதுதான் முதல் தடவை. வருஷக்கணக்கா கிழங்குல சத்து சேத்து வச்சு, ஒரு நாள் சாயந்திரம் ஆள் உயரத்துக்கு விரிஞ்சு, நடுத்தண்டு தானே சூடாகி, செத்த எலி நாத்தத்த அடிச்சு வண்டு ஈயெல்லாம் வரவழைக்கும், ரெண்டு நாள்ல வாடிடும். பேரன்கிட்ட இது யாரோட சொந்தக்காரன்னு கேளுங்க. நம்ம சேனைக்கிழங்கோட பங்காளி, ஒரே பேரினம். சேனை பூத்து நாறினத கொல்லையில பாத்தவங்களுக்கு இது புதுசா இருக்காது.

கேள்வி: புளிசாதம் கட்டி எடுத்துட்டுப் போகலாமா?

உள்ள விடமாட்டாங்க, தண்ணி பாட்டில் மட்டும். கஃபே இருக்கு, சீனத் தோட்டத்துக்குள்ள நூடுல்ஸ் கிடைக்கும். புளிசாதத்த கார்ல வச்சுட்டு வெளில வந்து சாப்பிடுங்க, பார்க்கிங் இலவசம்.

கேள்வி: எனக்கு முட்டிவலி. சீனத் தோட்டமா, ஜப்பான் தோட்டமா, ஒண்ணு சொல்லுங்க.

சக்கர நாற்காலி உள்ளயே இலவசமாத் தராங்க, முதல்ல வர்றவங்களுக்குத்தான், அதனால காலைலயே வாங்கிடுங்க. ஒண்ணுதான்னா நான் சீனத் தோட்டம்னு சொல்வேன். 2008ல திறந்து 2020ல பெருசாக்கினது, சீனாவோட சூச்சோ ஊர்லேருந்து கைவினைக்காரங்க வந்து கட்டினாங்க, அங்க ‘தாய்’னு பேரு வச்ச ஏரிலேருந்து வந்த ஓட்டை ஓட்டையான பாறைங்க குளத்தச் சுத்தி நிக்கும். நடைபாதைல கூழாங்கல்ல நிக்க வச்சுப் பதிச்சு பூ மாதிரி கோலம் போட்டிருக்காங்க, நாற்காலில உக்காந்து போறவங்களுக்குத்தான் அது நல்லாத் தெரியும். குளக்கரை மண்டபத்துல நிறுத்தச் சொல்லி அரைமணி நேரம் உக்காந்துடுங்க. ஜப்பான் தோட்டத்துல மேடு பள்ளம் ஜாஸ்தி, ஆனா அங்க ஜப்பானோட மருகாமே ஊர்லேருந்து பிரிச்சுக் கொண்டுவந்து 2023ல திறந்த 300 வருஷத்துக்கு மேல பழைய ஊர்த்தலைவர் வீடு ஒண்ணு இருக்கு, கூட வர்றவங்கள நாற்காலியத் தள்ளச் சொல்லி அதையும் எட்டிப் பாத்துட்டு வந்துடுங்க.