வீட்டுக்கு நர்ஸ் வர 3,000 ரூபாயா?

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 72 வயது. நாலு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. யூரின் டியூப் போட்டிருக்கிறது, இடுப்புக்குக் கீழே புண்ணும் வந்துவிட்டது. அண்ணன் துபாயில். ஹோம் நர்ஸ் ஏஜென்சிக்காரர் ஒருவர், தாங்கள் அரசோடு சேர்ந்து வேலை செய்வதாகவும், 3,000 ரூபாய் கட்டினால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்து நர்ஸை வீட்டுக்கு வரவைப்பதாகவும் சொல்கிறாராம். கட்டலாமா?

கட்டாதீர்கள் சகோதரி. ஒரு ரூபாய்கூட வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் முழுக்க இலவசம். பதிவதற்கு இடையில் ஆளே தேவையில்லை.

உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் போய் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். அம்மாவை அழைத்துப்போக வேண்டாம். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு போதும். உங்கள் பகுதிக்கென்று ஒரு பெண் சுகாதாரத் தன்னார்வலர் இருப்பார், மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவர். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டில் தருவது அவர். புண்ணுக்கு மருந்து கட்டவும் டியூப் மாற்றவும் நோய் ஆதரவு செவிலியர், கை காலுக்குப் பயிற்சி தர பிசியோதெரபிஸ்ட், இந்த இருவரும் வட்டார அளவில் வண்டியில் சுற்றுகிறவர்கள். அம்மா பெயர் அவர்களுடைய பட்டியலில் ஏறியதா, எந்தக் கிழமை வருவார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இழுத்தடித்தால் வட்டார மருத்துவ அலுவலரைப் பாருங்கள். அங்கேயும் நடக்கவில்லையென்றால் திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

தரகர் எப்படி நுழைகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். தன்னார்வலர் மகளிர் திட்டத்து ஆள், செவிலியர் சுகாதாரத் துறை, மாத உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, முதியோர் பென்ஷன் வருவாய்த் துறை. இவர்கள் கைகோத்து வேலை செய்வதாகக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்கள். ஆனால் ஒரே அம்மாவின் பெயரை ஒவ்வொரு மேசையிலும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது. ஒரு துறை எழுதியதை இன்னொரு துறை பார்த்தால் என்ன குறைந்துவிடும்? கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு. ஆனால் அதற்கு ஊனச் சான்று வேண்டும் என்று, படுக்கையில் கிடப்பவரை வண்டி பிடித்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிப்போகும் வீடுகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். இந்த அலைச்சலைத்தான் தரகர் காசாக்குகிறார்.

இனி அந்த ஏஜென்சி. அரசுச் செவிலியர் வந்து போகிறவர், இரவு பகல் கூட இருக்க மாட்டார். நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால் ஆள் வைக்கத்தான் வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் ஹோம் நர்ஸ் என்று அனுப்பப்படுகிறவர்களில் பலர் நர்ஸிங் படித்தவர்கள் அல்ல. படித்தவர் என்றால் தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவு எண் இருக்கும். கேளுங்கள், காட்டவில்லையென்றால் டியூபையும் புண்ணையும் தொட விடாதீர்கள். குளிப்பாட்டவும் ஊட்டவும் திருப்பிப் படுக்க வைக்கவும் நல்ல மனசுள்ள ஆள் போதும், அதற்கு நர்ஸ் சம்பளம் ஏன்? 'அரசு அங்கீகாரம்' என்று போர்டு வைத்திருப்பதையும் நம்பாதீர்கள். வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற, மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துக்கான திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, சட்டமாகவில்லை. மூன்று மாத அட்வான்ஸ், அசல் ஆதார், அம்மாவின் ஏ.டி.எம். கார்டு, இவற்றில் எதைக் கேட்டாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

செவிலியர் வரும் நாளுக்காகக் காத்திருக்கவே கூடாத ஒரு நிலை உண்டு. டியூப் வழியாகச் சிறுநீர் வருவது நின்று அடிவயிறு உப்பினால் முதலில் டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, அம்மா அதன்மேல் படுத்திருக்கிறாரா என்று பாருங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும், கட்டிலின்மேல் தூக்கி வைக்கக் கூடாது. சரிசெய்தும் வரவில்லையென்றால், இரவோ பகலோ, உடனே மருத்துவமனை. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும், பேச்சு குழறி ஆள் மங்கினாலும் அப்படியே. 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்களாக டியூபை இழுத்துவிடாதீர்கள். உள்ளே தண்ணீர் நிரப்பிய சிறு பலூன் இருக்கிறது, அப்படியே இழுத்தால் உள்ளே கிழிந்து ரத்தம் கொட்டும். தரகரின் ஆள் ஒருவர் இழுத்துப் பார்த்து, ரத்தத்தோடு வந்த பாட்டியை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்தப் புண். செவிலியர் வரும்வரை இரண்டு மணிக்கொரு முறை அம்மாவைப் பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். பவுடர் தட்ட வேண்டாம், சிவந்த இடத்தைத் தேய்க்கவும் வேண்டாம். புண் கறுத்தாலோ நாற்றம் வந்தாலோ அவருடைய கிழமை வரட்டும் என்று இராமல் அன்றே போன் செய்யுங்கள்.