வாசகர் கேள்வி – பதில்: தொட்டி இரண்டு, குப்பை ஒன்றா?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து குப்பை பிரிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: வீட்டில் மட்கும் குப்பைக்கு ஒன்று, மட்காததற்கு ஒன்று என இரண்டு வாளி வைத்திருக்கிறோம். மட்காத குப்பை வாளிதான் அதிகம் நாறுகிறது, புழுவும் வைக்கிறது. ஏன்?
– வாசகி, கீழக்கரை

அந்த வாளியை ஒருமுறை தரையில் கொட்டிப் பாருங்கள். பால் கவர், எண்ணெய் கவர், மீன் வாங்கி வந்த பை ஆகியவைதான் கிடக்கும். கவர் மட்காதது, அதில் ஒட்டியிருப்பது மட்குவது. மூன்றிலும் மோசமானது மீன் பை. ஒரு பையில் தங்கிய இரண்டு கரண்டி மீன் தண்ணீர் போதும், வாளியில் உள்ள காகிதம், அட்டை எல்லாம் நனைந்து பழைய பொருள் கடைக்காரர் தொடாத சரக்காகிவிடும்.

மீன் வாங்க மூடியுள்ள தூக்கோ டப்பாவோ கொண்டு போங்கள். நம் பகுதியில் நல்ல தண்ணீர் அருமை என்பதால் கவரை அலசத் தனித் தண்ணீர் செலவழிக்க வேண்டாம். அரிசி களைந்த தண்ணீரோ பாத்திரம் கடைசியாக அலம்பிய தண்ணீரோ போதும். பால் கவரின் மூலையை முழுதாக வெட்டி எறியாமல், துண்டு கவரோடு ஒட்டியிருக்கும்படி கீறுங்கள். அந்தச் சின்ன முக்கோணத் துண்டுகளைப் பொறுக்கி யாரும் மறுசுழற்சிக்கு அனுப்புவதில்லை. அலசிய கவரைக் கொடியில் தலைகீழாகக் கிளிப் போட்டு மாட்டினால் நம் வெயிலுக்கும் காற்றுக்கும் சீக்கிரமே காய்ந்துவிடும்.

இன்னொன்று: மட்காத குப்பைக்கு வாளியே வேண்டாம். காற்றுப் புகும் 25 கிலோ அரிசிச் சாக்கை ஆணியில் மாட்டுங்கள். மூடி போட்ட வாளி மட்கும் குப்பைக்கு மட்டும். ஈ முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும் என்பதால் அந்த வாளி தினமும் காலியாக வேண்டும். அடியில் ஒரு கைப்பிடி கருவேலக் கரித்தூள் போட்டால் நாற்றம் அடங்கும். நாப்கின், டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். பிரிப்பவர் வெறுங்கையால் அதை அவிழ்க்க நேரக்கூடாது.

கேள்வி: கடற்கரையில் மட்கும் குப்பைக்குப் பச்சை, மட்காததற்கு நீலம் எனத் தொட்டிகளைச் சேர்த்தே வைத்தோம். இரண்டிலும் ஒரே குப்பைதான் விழுகிறது. மூடி உடைந்து, பாதி காற்றில் பறக்கிறது. மக்களுக்கு விழிப்புணர்வு இல்லையா, தொட்டி சரியில்லையா?
– வாசகர், தங்கச்சிமடம்

தொட்டிதான் சரியில்லை என்பது எங்கள் முடிவு. இரண்டு தொட்டிக்கும் ஒரே அளவில் அகன்ற வாய் இருந்தால், கையில் இருப்பது எதில் போனாலும் போகும். நிறத்தைப் பார்த்து யோசித்துப் போட, ஊருக்குப் புதிதாக வந்து வெயிலில் நிற்பவருக்குப் பொறுமை இருக்காது. அமெரிக்காவில் ஷான் டஃபி, மிஷெல் வெர்ஜஸ் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மூடியின் வாயைப் பொருளுக்கேற்ற வடிவத்துக்கு மாற்றியபோது பானக் கலன்கள் உரிய தொட்டிக்கு வருவது 34 சதவீதம் கூடியது. அந்தத் தொட்டியில் விழுந்த வேண்டாத குப்பை 95 சதவீதம் குறைந்தது. பிரசங்கம் எதுவும் தேவைப்படவில்லை.

உங்கள் நீலத் தொட்டியின் மூடியில் 12 செ.மீ. விட்டத்தில் வட்ட ஓட்டை மட்டும் விடுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் நுழையும், சோற்றுப் பொட்டலம் எளிதில் நுழையாது, இளநீர் நுழையவே நுழையாது. பச்சைக்குத் தள்ளினால் திறந்து தானே மூடும் அகலமான பலகை மூடி. இளநீர்க் கூட்டை இந்த இரண்டிலுமே போடவிடக் கூடாது. 240 லிட்டர் தொட்டி ஐம்பது அறுபது கூட்டிலேயே நிரம்பிவிடும், பிறகு வருபவர் மீதி எல்லாவற்றையும் நீலத்தில் திணிப்பார். இளநீர் வண்டிக்காரர் பக்கத்திலேயே வலைக்கம்பிக் கூண்டு ஒன்று வையுங்கள். நுங்குக் கூடும் அதிலேயே போகட்டும்.

எழுத்தை நம்ப வேண்டாம். ராமேஸ்வரம் தீவுக்கு வருபவர்களில் தமிழ் படிக்கத் தெரியாதவர் ஏராளம். அந்த இடத்தில் விற்கும் பொருள்களின் படத்தையே ஒட்டுங்கள். அசல் பாட்டில் ஒன்றை மூடியில் திருகி வைப்பது அதைவிட நல்லது.

அடுத்தது காற்று. ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான், மார்கழியில் வடகிழக்கிலிருந்து வாடை. ஆகவே தொட்டியின் வாய் வடமேற்கையோ தென்கிழக்கையோ பார்க்கட்டும். இரும்புத் தொட்டி உப்புக் காற்றில் முதலில் கீலில்தான் போகும். கெட்டிப் பிளாஸ்டிக் தொட்டியும், துருப்பிடிக்காத எஃகில் 316 தரத் திருகாணியும் வாங்குங்கள். 304 தரம் கடலோரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு விடும். தொட்டியைத் தாங்கும் கம்பத்தை மணலில் 60 செ.மீ. இறக்கிக் கான்கிரீட் போட வேண்டும். நீலத் தொட்டியின் அடியில் 10 மி.மீ. ஓட்டை ஐந்து இருந்தால் ஐப்பசி மழைத் தண்ணீர் தேங்காது. பச்சையில் ஓட்டை கூடாது.

தொட்டிகள் எப்போதும் ஜோடியாக, திரும்பிப் போகும் வழியில், கடை ஓரமாக இருக்கட்டும். அலை ஏறும் கோட்டுக்கு அருகே வேண்டாம். முக்கால் நிறைந்ததும் எடுத்துவிட வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் காலை ஒருமுறை எடுப்பது போதவே போதாது. அக்னி தீர்த்தம் போன்ற நீராடும் இடங்களில் நனைந்த துணிக்கென்று தனிக் கூடை வேண்டும், இல்லாவிட்டால் அது நீலத் தொட்டியை ஒரு மணி நேரத்தில் கெடுத்துவிடும். கடைசியாக, அள்ளும் வண்டியில் தடுப்புப் பலகை கட்டுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கொட்டுவதை மக்கள் ஒருமுறை பார்த்துவிட்டால், நீங்கள் செய்த மற்ற எல்லாம் வீண்.

கேள்வி: டீக்கடையில் தாள் கப் பயன்படுத்துகிறோம். அது மட்கும் குப்பைதானே?
– வாசகர், ஏர்வாடி

இல்லை. உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் மட்கவும் மட்காது, காகித ஆலைக்கும் ஆகாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் அதுவும் ஒன்று. கண்ணாடி டம்ளருக்கு மாறுங்கள்.

கேள்வி: மீன் வெட்டும் இடத்தில் தினமும் இருபது கிலோ கழிவு சேருகிறது. நாயும் காக்கையும் இழுத்துப் போடுகின்றன. உரமாக்க முயன்றோம், நாற்றம் தாங்கவில்லை.
– வாசகி, பாம்பன்

நாற்றத்துக்குக் காரணம் ஈரமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மிகுந்திருப்பது. காய்ந்த பொருள் போதவில்லை. முதலில் தண்ணீரை வடியுங்கள். 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றின் அடியில் 6 மி.மீ. ஓட்டைகள் போட்டு, இன்னொரு வாளிக்குள் அடியில் இரண்டு கல் வைத்து இறக்கினால் போதும். செவுளும் குடலும் மேல் வாளியில் ஒரு மணி நேரம் இருக்கட்டும்.

பிறகு மூன்றடி சிமெண்ட் உறை (கிணற்று வளையம்) ஒன்றை அடித்தளம் பூசி வையுங்கள். மணலில் நேரே குழி தோண்டினால் சாறு கிணற்றுக்கு இறங்கும். இங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய அடுக்காகத்தான் நிற்கிறது, அது கெட்டால் திரும்பாது. அடியில் ஒரு சாண் நறுக்கிய பனை ஓலை. அதன் மேல் மீன் கழிவு ஒரு பங்குக்கு மழையில் நனைந்து உப்பு இறங்கிய தென்னை நார்த்தூள் மூன்று பங்கு என மாற்றி மாற்றி, கழிவு வெளியே தெரியாதபடி அடுக்குங்கள். மேலே ஒரு சாண் நார்த்தூள், அதற்கு மேல் கம்பி வலை, வலை மேல் சீமைக் கருவேல முள். நிறைந்ததும் பதினைந்தாம் நாள் ஒருமுறை கிளறுங்கள், அறுபது நாளில் எடுக்கலாம். மூக்கைக் குத்தும் நெடி வந்தால் நார்த்தூள் குறைவு. சூடே ஏறாவிட்டால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள்.

ஒரு வாரத்தில் ஒரு உறை நிறைந்துவிடலாம் என்பதால் இடத்தை முதலிலேயே கணக்கிடுங்கள். தெர்மாகோல் பெட்டித் துண்டு ஒன்றுகூட இதில் விழக்கூடாது. பொடியானால் சலித்தும் எடுக்க முடியாது.

கேள்வி: கிழிந்த வலை, கயிறு எல்லாம் கரையில் குவிந்து கிடக்கிறது. வாங்க வருபவர் பாதியைக் கழித்துவிடுகிறார்.
– வாசகர், தொண்டி

கலந்து கிடப்பதால்தான் கழிக்கிறார். தங்கூசி வலை நைலான், கயிறு பெரும்பாலும் பாலிதீன் வகை. நைலான் உருக 220 டிகிரி வேண்டும், பாலிதீன் 130 டிகிரியிலேயே உருகிவிடும். சேர்த்து உருக்கினால் எதற்கும் உதவாது. சந்தேகம் வந்தால் முடிச்சு இல்லாத துண்டு ஒன்றை வெட்டி, தண்ணீரில் அமுக்கிக் குமிழி போகத் தேய்த்து விடுங்கள். நைலான் மூழ்கும், பாலிதீன் மிதக்கும். ஈயக் குண்டையும் மிதவையையும் கழற்றிவிட்டு, மணல் போக உதறி, வகைக்கு ஒரு கட்டாகக் கட்டி நிழலில் வையுங்கள். வெயிலில் கிடந்தால் இழை நொறுங்கி விலை இறங்கும்.

கரையில் வலைக்கு வைக்கும் தொட்டிக்கு மூடி வேண்டாம், மாட்டிக்கொள்ளும். ஒரு மீட்டர் அகலத்தில் திறந்த கூண்டு போதும். வலை பழுது பார்க்கும் இடத்தில் ஒரு சாக்கு கட்டாயம் கட்டுங்கள். வெட்டி எறியும் விரல் நீளத் துண்டுகளை யாரும் விலைக்குக் கேட்பதில்லை, அவைதான் கடலுக்குப் போகின்றன.