முகவரி சரியில்லை என்று வந்த மெசேஜ்

கேள்வி: புது வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். லேஸ், லைனிங் துணியெல்லாம் ஆன்லைனில்தான் வரவழைப்பேன். போன வாரம் தபால் துறை பெயரில் ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வந்தது. பார்சல் கிடங்கில் இருக்கிறது, முகவரி முழுமையாக இல்லாததால் இரண்டு முறை வந்தும் கொடுக்க முடியவில்லை, 48 மணி நேரத்துக்குள் முகவரியைச் சரிசெய்யாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று இருந்தது. லிங்கைத் திறந்து பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் போட்டேன். மறுபடி டெலிவரி செய்ய 25 ரூபாய் என்று கேட்டதால் கார்டு நம்பரும் காலாவதித் தேதியும் பின்பக்கம் இருக்கும் 3 இலக்கமும் போட்டேன். ஓடிபி வந்தது, ஆனால் அதில் 18,000 ரூபாய் என்று இருந்தது. பயந்துபோய் மூடிவிட்டேன். பணம் போகவில்லை. வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. இனிமேலும் ஆபத்து உண்டா? போன் நம்பரை மாற்ற வேண்டுமா? எது நிஜம், எது போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் மாமியார் போனிலும் இதே மெசேஜ் வந்திருக்கிறது. (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புச் சகோதரி,

மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் அந்த கார்டை பிளாக் செய்யுங்கள். உங்கள் வங்கி ஆப்பிலேயே அதற்கு வழி இருக்கும். ஆப் இல்லை என்றால் கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் நம்பருக்குப் பேசுங்கள். கூகுளில் தேடி வருகிற கஸ்டமர் கேர் நம்பருக்குப் போடவே போடாதீர்கள், அங்கேயும் மோசடிக்காரர்கள் தங்கள் நம்பரைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஓடிபி கொடுக்கவில்லையே, பணமும் போகவில்லையே, எதற்கு பிளாக் செய்ய வேண்டும் என்று தோன்றும். நம் நாட்டுக்குள் நடக்கும் ஆன்லைன் பணப் பரிமாற்றத்துக்குத்தான் ஓடிபி மாதிரியான இரண்டாவது பூட்டு கட்டாயம், வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு நம்பர், காலாவதித் தேதி, அந்த 3 இலக்கம் இருந்தாலே போதும், பணம் எடுத்துவிடலாம். அந்த மூன்றும் இப்போது மோசடிக்காரன் கையில் இருக்கிறது. புதுக் கார்டு வர சில நாள் ஆகும், கொஞ்சம் கட்டணமும் பிடிப்பார்கள், பரவாயில்லை. புதுக் கார்டு வந்ததும் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து வையுங்கள், ஆன்லைன் செலவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உங்களுக்குத் தேவையான தொகையை வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், நீங்கள் ஏமாந்துவிடவில்லை. ஓடிபி மெசேஜை முழுசாகப் படித்து, 25 என்று சொல்லிவிட்டு 18,000 என்று வருகிறதே என்று நிறுத்தினீர்கள் பாருங்கள், அந்த ஒரு நிமிடம்தான் உங்கள் பணத்தைக் காப்பாற்றியது. பலபேர் அந்த ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மேலே இருக்கும் தொகையைப் படிக்காமலேயே தட்டிவிடுகிறார்கள். 25 ரூபாய் என்பது சும்மா ஒரு சாக்கு. யாரும் யோசிக்காமல் கொடுத்துவிடுகிற தொகையாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு வேண்டியது கார்டு விவரம்.

சரி, இந்த மெசேஜ் ஏன் நம்மை இவ்வளவு சுலபமாக நம்ப வைக்கிறது? நான் வியாசர்பாடியில் வளர்ந்தவள், நம் பக்கத்து விலாசம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பழைய எண் 14, புது எண் 31, மூன்றாவது சந்து, பிள்ளையார் கோயில் எதிர்வீடு, மாடியில். ஹவுசிங் போர்டு என்றால் பிளாக் நம்பர் வேறு, அதில் பாதி பிளாக்குகளில் எண் அழிந்து போயிருக்கும். டெலிவரிக்கு வருகிற தம்பி டி.எச். ரோட்டில் வண்டியை நிறுத்திக்கொண்டு "அக்கா, எந்த சந்து, எந்த வீடு" என்று கேட்காத நாளே கிடையாது. அப்படி இருக்கும்போது "உங்கள் முகவரி முழுமையாக இல்லை" என்று ஒரு மெசேஜ் வந்தால் ஆமாம், இல்லைதான் என்று மனசு உடனே ஒத்துக்கொள்ளும். அதுவும் ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் சமயத்தில் எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு பார்சல் வர வேண்டியிருக்கும். அனுப்பியவனுக்கு உங்கள் விலாசமும் தெரியாது, நீங்கள் லேஸ் வாங்கியதும் தெரியாது. ஆயிரக்கணக்கான நம்பர்களுக்கு ஒரே மெசேஜைத் தட்டிவிடுகிறான், அதில் பார்சலுக்குக் காத்திருக்கிறவர்கள் தாங்களாகவே போய் மாட்டிக்கொள்கிறார்கள். உங்களுக்கும் மாமியாருக்கும் ஒரே மெசேஜ் வந்ததற்குக் காரணம் இதுதான், அவர் எதையும் ஆர்டர் செய்திருக்கவே மாட்டாரே.

ஆனால் போலி என்பதற்கான முதல் அடையாளமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. உண்மையிலேயே வீடு கண்டுபிடிக்க முடியாதவர் என்ன செய்வார்? பார்சல் மேலேயே உங்கள் போன் நம்பர் ஒட்டியிருக்கிறது, கூப்பிடுவார். தபால்காரராக இருந்தால் கூப்பிடக்கூட வேண்டாம், நம் தெருவில் வருஷக்கணக்காக நடக்கிறவர், உங்கள் மாமியார் பெயர் சொன்னாலே வீட்டுக்கு வந்துவிடுவார். வீடு பூட்டியிருந்தால் சீட்டு வைத்துவிட்டுப் போவார், நீங்கள் அடையாள அட்டையோடு அஞ்சலகத்துக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம். முகவரியைச் சரிசெய்ய லிங்க் அனுப்பும் வழக்கம் தபால் துறைக்குக் கிடையவே கிடையாது. இந்த மெசேஜ் 2024-இல் ஊரெல்லாம் பரவியபோது மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே, இது போலி, இப்படி மெசேஜ் அனுப்புவதே இல்லை என்று அறிவித்தது.

அடுத்தது, மெசேஜில் பார்சல் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீடு போஸ்ட் என்றால் மொத்தம் 13 எழுத்து: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் ஐ, என் என்ற இரண்டு எழுத்து. அந்த நம்பர் இருந்தால் மெசேஜில் வந்த லிங்கைத் தொடாமல், நீங்களே தபால் துறையின் தளத்தைத் திறந்து போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். ஆன்லைன் கடையில் வாங்கியது என்றால் அந்தக் கடையின் ஆப்பில் 'மை ஆர்டர்ஸ்' பக்கத்தைப் பார்த்தாலே பார்சல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். எந்தப் பார்சல், யார் அனுப்பியது, எந்தக் கடை என்று ஒன்றுமே சொல்லாமல் "உங்கள் பார்சல்" என்று மட்டும் வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

அனுப்பிய நம்பரையும் பாருங்கள். நம் நாட்டில் கம்பெனிகளும் அரசுத் துறைகளும் அனுப்பும் எஸ்எம்எஸ், பதிவு செய்த ஒரு சின்னப் பெயரில் வரும். முன்னால் இரண்டு எழுத்து, ஒரு கோடு, அப்புறம் அவர்கள் பெயரின் சுருக்கம். 2025-இலிருந்து கடைசியில் இன்னொரு எழுத்தும் சேர்ந்து வருகிறது, விளம்பரம் என்றால் பி, சேவை என்றால் எஸ், பணப் பரிமாற்றம் என்றால் டி, அரசு என்றால் ஜி. தபால் துறை பெயரில் வந்த மோசடி மெசேஜ்கள் பல பிலிப்பைன்ஸ் நாட்டின் 63 என்ற எண்ணில் தொடங்கும் நம்பரிலிருந்தோ, ஏதோ ஒரு மின்னஞ்சல் முகவரியிலிருந்தோ வந்தன. நம்மூர்த் தபால் ஆபீஸ் ஏன் பிலிப்பைன்ஸிலிருந்து மெசேஜ் அனுப்பப் போகிறது? ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு "ஒய் என்று பதில் அனுப்பிவிட்டு மறுபடி திறங்கள்" என்றும் எழுதியிருப்பார்கள். தெரியாத ஆள் அனுப்பிய லிங்கை ஐபோன் திறக்க விடாது, நாம் பதில் போட்டுவிட்டால் தெரிந்தவர் என்று நினைத்துத் திறந்துவிடும். அதற்காகத்தான் அந்த ஒய்.

லிங்கைப் படிக்கக் கற்றுக்கொள்வது கொஞ்சம் சிரமம், ஆனால் உங்களால் முடியும். ஒருவர் கடைக்கு 'ராயபுரம் ஸ்டோர்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டுத் தாம்பரத்தில் கடை போடலாம், யாரும் தடுக்க முடியாது. கடை எங்கே இருக்கிறது என்பதைப் பின்கோடுதான் சொல்லும், ராயபுரம் என்றால் 600013 என்று இருக்க வேண்டும். லிங்கும் அப்படித்தான். முன்னால் இந்தியாபோஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள், அதற்கப்புறம் முதலில் வருகிற ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் என்ன முடிவு இருக்கிறதோ அதுதான் பின்கோடு. 'கவ் டாட் இன்' என்று முடிகிற பெயரை அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள், தபால் துறையின் தளமும் அப்படித்தான் முடியும். 'டாட் டாப்', 'டாட் விஐபி' என்று முடிந்தால் அது தபால் துறை இல்லை. குட்டியாகச் சுருக்கின லிங்கில் இந்த முடிவு தெரியாது, அதைத் திறக்கவே வேண்டாம்.

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ யாராவது வேலை செய்கிற வீடு நம் பக்கத்தில் நிறைய. அவர்களுக்குச் "சுங்க வரி கட்டுங்கள்" என்று வரும். தபாலில் வருகிற வெளிநாட்டுப் பார்சலுக்கு வரி இருந்தால் பார்சலைக் கொடுக்கும்போது தபால் துறையே வாங்கிக்கொள்ளும். தனியார் கூரியர்கள் சில நேரம் நிஜமாகவே லிங்க் அனுப்புவார்கள், அப்போதும் அந்த லிங்கில் போகாமல், அனுப்பியவரிடம் பார்சல் நம்பரைக் கேட்டு வாங்கி, அந்த கூரியரின் சொந்தத் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கட்டுங்கள்.

இனி ஆபத்து உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கார்டை பிளாக் செய்துவிட்டால் கார்டு பற்றிய கவலை போச்சு, ஆனால் உங்கள் பெயர், விலாசம், போன் நம்பர் போனது போனதுதான். வரும் நாட்களில் யாராவது உங்கள் பெயரையும் தெருவையும் சரியாகச் சொல்லி, வங்கியிலிருந்து பேசுகிறேன், உங்கள் கார்டில் மோசடி நடந்திருக்கிறது, நிறுத்துவதற்கு ஓடிபி சொல்லுங்கள் என்று கேட்கலாம். விவரம் சரியாக இருப்பதால் நம்பத் தோன்றும். நம்பாதீர்கள், கட் செய்துவிடுங்கள். "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோ காலில் விசாரணை, டிஜிட்டல் கைது" என்று மிரட்டவும் கூடும். டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் சட்டத்தில் இல்லவே இல்லை, எந்தப் போலீசும் போனில் கைது செய்ய மாட்டார்கள். கூரியர் ஆள் மாதிரிப் பேசி, பார்சல் கொண்டுவருகிறவரோடு பேச *401* அல்லது *21* போட்டு இந்த நம்பரை அடியுங்கள் என்பார்கள், அடித்தால் உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவர்களுக்குத் திரும்பிவிடும். தெரியாமல் அடித்துவிட்டால் ##002# போட்டால் ரத்தாகிவிடும். வாட்ஸ்அப்பில் டெலிவரி ஆப் என்று ஏபிகே ஃபைல் (தொட்டால் போனில் ஆப்பை ஏற்றிவிடும் ஃபைல்) வந்தால் தொடாதீர்கள், அது உங்கள் எஸ்எம்எஸ்ஸையே படித்து ஓடிபியை எடுத்துக்கொள்ளும்.

ஓடிபி யாருக்கும் சொல்லாதே என்கிறோம், ஆனால் ஆன்லைன் கடை டெலிவரிக்கே ஓடிபி கேட்கிறார்களே என்று குழம்புவீர்கள், குழப்பமாகத்தான் இருக்கிறது. அந்த மெசேஜைப் படித்துப் பாருங்கள். கடையின் பெயரும் டெலிவரி என்ற சொல்லும் இருந்து, நீங்கள் ஆர்டர் செய்த பொருள் கண்ணெதிரே கையில் இருந்தால் சொல்லலாம். ரூபாய்க் கணக்கோ வங்கிப் பெயரோ இருந்தால் யாருக்கும் இல்லை. ஆர்டரே செய்யாத பார்சல் வாசலுக்கு வந்து பணம் கேட்டால், "ரத்து செய்ய ஓடிபி கொடுங்கள்" என்றாலும் கொடுக்காமல், பார்சலையும் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். இதை மாமியாருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், நீங்கள் மெஷினில் இருக்கும்போது வாசலுக்குப் போகிறவர் அவர்தானே.

பணம் போயிருந்தால் என்ன செய்வது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அந்த எண்ணில் சொன்னதும் பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கேயே முடக்கப் பார்ப்பார்கள், அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், நாளைக்குப் பார்க்கலாம் என்றால் அதற்குள் அது நாலு கணக்கு மாறியிருக்கும். அதோடு வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தானே விவரத்தைக் கொடுத்துப் பணம் போனால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரைக்கும் நஷ்டம் அவருடையது, தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. என் உறவுக்காரர் ஒருவர் வீட்டில் திட்டுவார்கள் என்று இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தார். முதல் நாள் போனது 6,000, இரண்டாம் நாள் போனது 22,000. வங்கியில் போய் நின்றபோது "முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றுதான் சொன்னார்கள், எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

அதனால்தான் கேட்கிறேன், வீட்டுக்காரரிடம் இன்று ராத்திரியே சொல்லுங்கள். 18,000 என்று பார்த்து நிறுத்தியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் போனுக்கும் இந்த மெசேஜ் வரும், அவரும் ஏதாவது பார்சலுக்காகக் காத்திருக்கிற நாளில் வரும்.

போன் நம்பரை மாற்ற வேண்டாம். உங்களிடம் தைக்கக் கொடுப்பவர்கள் எல்லோரிடமும் அந்த நம்பர்தான் இருக்கும், மாற்றினால் தொழில்தான் கெடும். அந்த மெசேஜை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் இருக்கும் சக்ஷு பகுதியில் புகாராகப் போடுங்கள், மாமியாருக்கு வந்ததையும் சேர்த்து. அப்புறம் இரண்டு போனிலும் அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டு, கடையின் ஆப்பைத் திறந்து உங்கள் லேஸ் நிஜமாக எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.